கூரை மாற்றப் போகிறீர்களா? ஓடு, தகடு, அலுமினியம்: எதற்கு எவ்வளவு செலவு

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் அறுபதுகளில் நகராட்சி கட்டிக் கொடுத்த, பக்கத்து வீட்டோடு நடுச்சுவர் ஒட்டிய ஒட்டு வீடு எங்களுடையது. கூரை இன்னும் பழைய அஸ்பெஸ்டாஸ்தான், இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் கான்கிரீட் ஓடு போடச் சொல்கிறார், ஒருவர் ஐபிஆர் தகடு (பெட்டி வடிவ மடிப்புள்ள எஃகுத் தகடு) போதும் என்கிறார், மூன்றாமவர் மற்ற இருவரையும்விட மிகக் குறைவாகக் கேட்கிறார். யாரிடம் கொடுப்பது?

பதில்: அந்தக் குறைந்த விலையில் அஸ்பெஸ்டாஸை இறக்கும் செலவு அடங்கியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அடங்கியிருக்காது என்பது என் கணிப்பு. தென்னாப்பிரிக்காவில் 2008இல் அஸ்பெஸ்டாஸைப் பயன்படுத்துவதும் தயாரிப்பதும் தடை செய்யப்பட்டன. ஏற்கெனவே வீட்டின் மேல் இருப்பதை வைத்துக்கொண்டு குடியிருக்கத் தடையில்லை. ஆனால் முழுக் கூரையைக் கழற்றுவதென்றால், 2020ஆம் ஆண்டு விதிகளின்படி தொழிலாளர் துறையில் பதிவு பெற்ற அஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். தகட்டை நனைத்து, உடைக்காமல் இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, எச்சரிக்கை ஒட்டி, அபாயக் கழிவுக்கு உரிமம் பெற்ற கிடங்கில் சேர்க்க வேண்டும். இதற்குத் தனிச் செலவு உண்டு. அதைக் காட்டாத கொட்டேஷன் மலிவாகத்தான் தெரியும். மலிவு விலை சொல்கிறவர் சுத்தியலால் உடைத்து பக்கியில் (சிறு திறந்த வண்டியில்) ஏற்றிக்கொண்டு போய்விடுவார். தூசு உங்கள் முற்றத்திலும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் மூச்சிலும் தங்கிவிடும். அஸ்பெஸ்டாஸ் நோய் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். ஆகவே இந்தச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள். பதிவுச் சான்றிதழின் நகலையும், கழிவு கிடங்கில் சேர்ந்ததற்கான ரசீதையும் கேட்டு வாங்குங்கள். இதற்கிடையில் யாராவது அழுத்த நீர் அடித்துக் கழுவிப் பெயிண்ட் பூசித் தருகிறேன் என்று வந்தால் வேண்டவே வேண்டாம். இழைகளைக் கிளப்பிவிடுவது அந்த நீர்தான்.

அடுத்தது எடை. கான்கிரீட் ஓடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். அரை மில்லிமீட்டர் எஃகுத் தகடு சுமார் 5 கிலோதான். உங்கள் கைமரமும் ட்ரஸும் (கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டம்) அஸ்பெஸ்டாஸின் எடைக்கு ஏற்றபடி அமைத்தவை. அது ஓட்டின் எடையில் பாதிகூட வராது. ஓடு போட வேண்டுமானால் மரச்சட்டத்தை வலுப்படுத்த வேண்டும், ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒரு ரீப்பர் என்று நெருக்கமாக அடிக்க வேண்டும், ஓர் இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஓட்டின் விலை நியாயமாகவே இருக்கலாம். அதன் கீழே போகிற மரச் செலவு கொட்டேஷனில் இருக்கிறதா என்று பாருங்கள். எடை மாறுவதால் ஈத்தெக்வினி (டர்பன்) நகராட்சியின் கட்டடப் பிரிவிலும் கேட்டுவிடுங்கள். பழைய மரம் கறையான் அரிக்காமல் நன்றாக இருந்தால் உங்கள் வீட்டுக்குத் தகடுதான் என் சிபாரிசு. அதோடு தகட்டின் அடியில் வெப்பத்தடுப்பு விரிப்புக்கும் பணம் ஒதுக்குங்கள். ஜனவரி மாதத்து டர்பன் வெயிலில் வெறும் தகட்டின் கீழே பெரியவர்களால் இருக்க முடியாது.

ஒட்டு வீடு என்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு கூரை ஒன்றாகத்தான் ஓடும். நீங்கள் மட்டும் மாற்றினால் நடுச்சுவரின் மேல் பழையதும் புதியதும் சந்திக்கிற கோட்டில் ஃபிளாஷிங் (தண்ணீர் இறங்காதபடி இடைவெளியை மூடும் தகடு) வைக்க வேண்டும். முதல் மழையில் ஒழுகுவது பெரும்பாலும் அந்த இடம்தான். அவர்கள் பக்கத்துத் தகட்டையும் வெட்ட வேண்டி வரலாம், அதுவும் அஸ்பெஸ்டாஸ். போய் உட்கார்ந்து பேசுங்கள். இருவரும் சேர்ந்து செய்தால் இறக்கும் செலவும் சாரச் செலவும் பாதிப் பாதி.

கேள்வி: ஃபீனிக்ஸில் இருக்கிறோம். ஐபிஆர், நெளிதகடு இரண்டுக்கும் கடையில் மீட்டர் கணக்கில் விலை சொல்கிறார்கள். ஐபிஆர் மீட்டருக்குக் கொஞ்சம் மலிவு. அதையே வாங்கிவிடலாமா?

பதில்: மீட்டர் என்பது தகட்டின் நீளம் மட்டுமே. அகலம் வேறு வேறு. ஐபிஆர் பதித்தபின் மூடுகிற அகலம் 686 மில்லிமீட்டர், வழக்கமான நெளிதகடு மூடுவது 762.

10க்கு 8 மீட்டர் வீடு, இரண்டு பக்கச் சரிவு, சுற்றிலும் 60 சென்டிமீட்டர் இறவாணம் என்று வைத்துக்கொள்வோம். முகட்டின் நீளம் 11.2 மீட்டர். ஒரு சரிவுக்கு ஐபிஆர் 17 தகடு வேண்டும், நெளிதகடு 15 போதும். சரிவு 17.5 டிகிரி என்றால் ஒவ்வொரு தகடும் சுமார் 4.8 மீட்டர். ஆக ஐபிஆர் ஏறத்தாழ 163 மீட்டர், நெளிதகடு 144 மீட்டர். மீட்டருக்கு ஒரே விலை என்றாலும் ஐபிஆருக்கு 19 மீட்டர் கூடுதலாகக் காசு கொடுப்பீர்கள். மீட்டர் விலையை 0.686ஆலும் 0.762ஆலும் வகுத்துப் பார்த்தால்தான் உண்மையான சதுர மீட்டர் விலை தெரியும். அப்போதும் ஐபிஆர் மலிவாக இருந்தால் வாங்குங்கள். சரிவு மிகக் குறைந்த கூரை என்றால் விலை எப்படி இருந்தாலும் ஐபிஆர்தான். நெளிதகட்டின் ஆழமில்லாத நெளியில் தண்ணீர் பின்வாங்கி உள்ளே வரும்.

இதே கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். தரைப்பரப்பு 80 சதுர மீட்டர், கூரைப் பரப்போ 108. சரிவு 26 டிகிரி ஆனால் சுமார் 115. வீட்டுப் பரப்பை வைத்துத் தொலைபேசியிலேயே விலை சொல்கிறவர் பிறகு ‘அளவு கூடிவிட்டது’ என்று கேட்பார். ஏணி வைத்து ஏறி அளந்தபின் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தடிமனையும் எழுத்தில் வாங்குங்கள். 0.47, 0.5 இரண்டையும் கடையில் ஒரே பெயரில் சொல்வதுண்டு. துத்தநாகப் பூச்சு எவ்வளவு என்பதும் முக்கியம்: இசட்275 என்றால் இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம், இசட்600 என்றால் 600 கிராம். விலையில் 15 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: இசிப்பிங்கோ பீச்சில் வீடு. தகட்டுக் கூரை சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்துவிட்டது. வண்ணம் பூசிய தகடு போட்டால் நிற்குமா?

பதில்: இறவாணத்தின் அடிப்பக்கத்தைப் போய்ப் பாருங்கள், துரு அங்கேதான் முதலில் வந்திருக்கும். மேல்பக்கத்து உப்பை மழை கழுவிவிடுகிறது. அடியில் படிந்த உப்பைக் கழுவ யாருமில்லை. வண்ணப்பூச்சுத் தகடு சாதாரண துத்தநாகத் தகட்டைவிட நன்றாக நிற்கும். ஆனால் அதன் உத்தரவாதச் சீட்டில் கடலிலிருந்து இத்தனை தூரத்துக்குள் செல்லாது என்ற வரி இருக்கிறதா என்று வாங்குமுன் படியுங்கள். அலை ஓசை கேட்கிற தூரத்தில் அலுமினியம் அல்லது கான்கிரீட் ஓடு போடுங்கள் என்பேன். அலுமினியத்துக்கு முதலில் கொடுக்கும் விலை அதிகம். ஆனால் இரண்டாம் முறை எஃகு போட, கூலியும் சாரமும் மறுபடி கொடுக்க வேண்டும் அல்லவா? விலையை, நிற்கப்போகிற ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். ஓடு துருப்பிடிக்காது, அதைப் பிடித்திருக்கும் ஆணி துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு ஆணி கேளுங்கள். எந்தத் தகடானாலும் கூரை மேல் கிரைண்டரால் வெட்ட விடாதீர்கள். பறக்கிற பொறி பூச்சைச் சுட்டு ஓட்டை போடும், ஒவ்வொரு பொறிக்கும் ஒரு துருப்புள்ளி.

கேள்வி: 2024 ஜூன் 3 சுழற்காற்றில் டோங்காட்டில் எங்கள் பாதி ஓடு பறந்தது. இழப்பீடாகக் கேட்டதைவிட மிகக் குறைவாகவே காப்பீட்டுக்காரர்கள் கொடுத்தார்கள். இது சரியா?

பதில்: வீட்டைக் குறைந்த தொகைக்குக் காப்பீடு செய்திருந்தால் அதே விகிதத்தில் இழப்பீடும் குறையும். மறுபடி கட்ட 15 லட்சம் ராண்ட் ஆகிற வீட்டுக்கு 9 லட்சத்துக்குக் காப்பீடு இருந்தால், கூரைச் சேதம் 2 லட்சம் என்றாலும் கையில் வருவது 1 லட்சத்து 20 ஆயிரம், அதிலும் நீங்களே ஏற்க வேண்டிய பங்குத் தொகை கழியும். முதலில் பாலிசியில் எழுதிய தொகையைப் பாருங்கள். விகிதக் கணக்குக்கும் குறைவாகக் கொடுத்திருந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நியாயமான பதில் வராவிட்டால் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. பறந்துபோன பாதிக்கு ஓடு பதிக்கிறவரிடம், ஓரம், முகடு, இறவாணம் மூன்றிலும் ஒவ்வோர் ஓட்டையும் ஆணியோ கிளிப்போ வைத்துப் பிணைக்கச் சொல்லுங்கள், ட்ரஸ் சுவரோடு கட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் ஒரு கூரைக்காரர் 70 சதவீதம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பொருள் வாசலில் இறங்கியதும் பொருளுக்கு, பழைய கூரை இறங்கியதும் ஒரு பகுதி, முடிந்து ஒரு நல்ல மழை பெய்தபின் கடைசிப் பகுதி என்று பிரித்துக் கொடுங்கள். பொருளைக் கடையிலிருந்து உங்கள் பெயரிலேயே வாங்கினால் ரசீதும் உத்தரவாதமும் உங்களிடம் இருக்கும். எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுக்கு மேல் உங்கள் சம்மதமில்லாமல் வசூலிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. வேலை தரமில்லாமல் இருந்தால் சரிசெய்து தரவோ, குறைக்கேற்ப பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். கூரைக்காரர் தானாக உங்கள் வாசலுக்கு வந்து பேசிக் கையெழுத்து வாங்கியிருந்தால், ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் சொல்லி அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.