கம்முனு இரு – ஒரு கடிதமும் பதிலும்

ஐயாவுக்கு வணக்கம்.

எனக்கு 20 வயது. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். பதினோராம் வகுப்பு நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் படித்தேன். அப்போது தூக்கம் போய், சோறு இறங்காமல், செத்துவிடலாமா என்று தோன்றும் அளவுக்கு ஆகிவிட்டது. ஈரோட்டில் மனநல மருத்துவரிடம் காட்டி எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். மூன்று வருடமாக ஒன்றுமில்லை. ராணுவத்தில் சேர அக்னிவீர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். 1,600 மீட்டரை 5 நிமிடம் 20 நொடியில் ஓடுகிறேன். மெடிக்கலில் பழைய கதையைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் தூக்கிவிடுவார்கள், எல்லாரும் மறைக்கத்தான் செய்கிறார்கள் என்கிறார் கிரவுண்டில் பயிற்சி தரும் அண்ணன். அம்மா ஃபைலை அடுப்பில் போடச் சொல்கிறார். தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். நான் ஒன்றும் லூசு இல்லைங்க ஐயா, சும்மா டிப்ரஷன்தான். நாலு வருட வேலையை நம்பிப் போகலாமா என்றும் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

*

தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். நான்கு வருடம் கழித்து நூற்றுக்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வோம் என்று 2022-ல் திட்டத்தை அறிவித்தபோதே சொல்லிவிட்டார்கள். தெரிந்துதான் ஓடுகிறாய், ஓடு. நாமக்கல் ஹாஸ்டல்களைப் பற்றி எழுதி நான் வாங்கிய திட்டு இந்த ஜென்மத்துக்குப் போதும்.

மெடிக்கலில் கேட்டால் உள்ளதைச் சொல். கிரவுண்டு அண்ணனுக்கு என்ன, அவர் விசிலை எடுத்துக்கொண்டு அடுத்த பேட்சுக்குப் போய்விடுவார். சேர்க்கைப் படிவத்தில் தெரிந்தே பொய்ப் பதில் எழுதினது பின்னால் வெளிப்பட்டால் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. சொன்னால் உன்னைக் கழித்துவிட வாய்ப்பு உண்டு, அதை நான் மூடி மறைக்கப்போவதில்லை. முன்பு எடுத்த சிகிச்சையை மட்டும் வைத்து ஒருவரை இப்போதும் மனநோயாளி என்று முடிவு கட்டக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறதுதான். ஆனால் துப்பாக்கியைக் கையில் கொடுத்துப் பனிமலையில் நிறுத்தப்போகிறவன் உன் தூக்கத்தைப் பற்றிக் கேட்கத்தான் செய்வான். அவன் அளவுகோல் மொட்டையானது என்பதில் எனக்கும் குறை உண்டு. கேள்வியில் குறையில்லை. ஈரோட்டு மருத்துவரிடம் மறுபடி போய், என்ன இருந்தது, எப்போது மருந்தை நிறுத்தினார், இப்போது எப்படி இருக்கிறாய் என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்.

அப்புறம் அந்த "லூசு இல்லை, சும்மா டிப்ரஷன்". அது யாரை மிதித்துக்கொண்டு நீ மேலே ஏறுகிற படி? அந்த மருத்துவர் வாசலில் பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே ஒருவர், அவரையா? சாவு நினைப்பு வரைக்கும் போய் வந்தவனுக்கு அதில் என்னடா "சும்மா"? இன்னொரு தடவை அந்த வார்த்தையை எனக்கு எழுதாதே.

உன் கடிதம் என்னைப் பிடித்து உட்காரவைத்தது ஃபைலும் அடுப்பும் வந்த அந்த வரியில்தான்.

என் அம்மா கூடப் பிறந்த மாமன் ஒருவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தார். குன்னூர் வெலிங்டனில் பயிற்சி. லீவில் வந்தால் எங்களுக்கு ரம்மி ஆடச் சொல்லிக்கொடுத்து, தோற்றால் வாசலில் தண்டால் எடுக்கவைப்பார். 1987-ல் இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனார். அங்கே என்ன நடந்தது என்று கடைசிவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒரு முறை, "அவுங்க அழுகறது நமக்குப் புரியுமில்ல" என்றார். பக்கத்தில் நின்ற பஞ்சாபிக்கு அது வெறும் சத்தம். இவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னைக்குத் திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. எங்கள் ஊர் டீக்கடையும் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். "நம்ம சனத்தையே சுட்டுப்போட்டு வந்திருக்கறான்" என்று காதுபடவே பேசினார்கள். மாமன் வீட்டு ஆசாரத்தில் படுப்பதை விட்டுவிட்டு, கட்டுத்தறியில் மாடுகளுக்கு நடுவே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டார்.

அந்த வருடம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் எவனோ சரவெடியைக் கொளுத்திவிட்டான். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டோடு நின்றிருந்த மாமன் பந்தலுக்குள் குப்புற விழுந்து, முழங்கையால் ஊர்ந்து பந்திப் பலகைக்கு அடியில் போய்விட்டார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தம்பி, எனக்கு அப்போது பதினாறு. அவரைப் பெற்ற என் அம்மாயி வந்து அவரைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் தட்டித் தட்டி விட்டுக்கொண்டே மெல்லச் சொன்னது: "கம்முனு இரு சாமி, ஒறம்பரை பாக்கறாங்க."

அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த வைத்தியம். மந்திரித்து ஒரு கயிறும் கட்டினார்கள். மேட்டுப்பாளையம் போய் மலையேறினால் வெலிங்டனில் ராணுவ மருத்துவமனை. போகவில்லை. போனால் மெடிக்கல் கேட்டகிரியை இறக்கிவிடுவார்கள், ஹவில்தார் பட்டை போய்விடும் என்று அவருக்குப் பயம். பெண் தரமாட்டார்கள் என்று அம்மாயிக்குப் பயம். ஆளுக்கொரு பயத்தைப் பொத்திக்கொண்டு கம்முனு இருந்தார்கள். ராணுவத்தாருக்கென்று டெலிமானஸ் என்கிற மனநல உதவித் தொலைபேசியின் பிரிவு ஒன்றைப் புனேயில் திறந்தது 2023 டிசம்பரில். மாமன் அதற்கு முன்பே இறந்துவிட்டார், ஒரு மில்லில் ராத்திரி வாட்ச்மேனாக இருந்து. ராத்திரி வேலையை அவரே கேட்டு வாங்கினார். எப்படியும் முழித்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்றாராம்.

கம்முனு இரு. நம் பக்கத்தில் பிள்ளை அழுதாலும் இதுதான், பெரியவர் பிதற்றினாலும் இதுதான். தோட்டத்தில் கடன் ஏறினால் கம்முனு இரு, மகள் அடிபட்டு வந்தால் கம்முனு இரு. அதை என்ன பிரியமாகச் சொல்வார்கள் தெரியுமா, முதுகைத் தடவிக்கொண்டு சொல்வார்கள். உன் அம்மா அடுப்பைக் காட்டுவதும் அந்தப் பிரியம்தான். அம்மாவைத் திட்டாதே. ஆனால் ஃபைலைக் கொடுக்காதே. அதில் இருப்பது உன்னைப் பிழைக்கவைத்த மாத்திரையின் பெயரும் அளவும். நாளைக்கே மறுபடி தூக்கம் போனால், பட்டாளத்தில் இருந்தாலும் இங்கே இருந்தாலும், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார். ராத்திரியில் கேட்க ஆளில்லை என்றால் 14416-க்குப் போடு, அதுதான் டெலிமானஸ், தமிழிலேயே பேசுவார்கள்.

தங்கை விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. 2009-ல் ஒன்றரை வருடம் நானும் மாத்திரை தின்றவன். உள்ளூர் மெடிக்கல்காரர் பங்காளி முறை என்பதால் திருப்பூருக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கிவந்து, அட்டையை உடைத்து சூட மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். என் மகளுக்கு வரன் வந்தபோது மாப்பிள்ளை வீட்டாரிடம் தோட்டத்து அளவு சொன்னேன், கிணற்று ஆழம் சொன்னேன், என் சர்க்கரை அளவைக்கூடச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன். சம்பந்தி நான் எழுதுவதை விடாமல் படிக்கிறவர்.