மகள் ரொக் பாடகியாகப் போகிறாளாம்: ஓர் அம்மாவுக்கு எழுதிய பதில்

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை நீங்கள் மகளோடு என்னிடம் ஆலோசனைக்கு வந்துபோன பிறகு எனக்கு மனம் ஆறவில்லை. அரை மணித்தியாலத்தில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? அதனால்தான் எழுதுகிறேன்.

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறேன் என்கிறாளே, இதை வைத்துச் சீவிக்க முடியுமா என்று கேட்டீர்கள். நேராகவே சொல்கிறேன். முதல் ஐந்தாறு வருஷத்துக்குச் சொந்தப் பாட்டை மட்டும் நம்பிக் கொழும்பில் வாடகை கட்ட முடியாது. அதற்குப் பிறகும் முடியும் என்று எவரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஆனால் இன்னொரு வருமானத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை ஒரு தொழிலாக ஒழுங்காகச் செய்யலாம். அப்படிச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அன்று அவள் என் அறையில் பாடும்போது நடந்த ஒன்றை நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. இரண்டாவது சரணத்தில் கரையோர ரயில் கடந்துபோனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் பாட்டை நிறுத்திவிட்டுக் காலால் தாளத்தை மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் அடங்கியதும் அதே வேகத்தில், விட்ட சொல்லிலிருந்தே எடுத்தாள். கொழும்பில் நல்ல குரல் நிறையப் பேருக்கு இருக்கிறது. இந்தத் தாளக்கட்டும் நிதானமும் எல்லோருக்கும் வராது.

பிறகு அவளுடைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன். 13 பாட்டுத் தொடங்கியிருக்கிறாள், முடித்தது இரண்டு. என் கவலை அங்கேதான். பாட்டு எழுதிப் பாடுகிறவருக்கு முடித்த பாட்டுத்தான் மூலதனம். அடுத்த பதினெட்டு மாதத்தில் 12 பாட்டை முடிக்கட்டும். நன்றாக வந்ததா, வரவில்லையா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

இது எங்கள் ஆட்களுக்குச் சரிவராது என்று அவளுடைய அப்பா சொன்னார். அவர் இளமையில் கேட்டதையே நினைவுபடுத்துகிறேன். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிற்றாரோடு தமிழ்ப் பொப் பாடி இந்தத் தீவையே ஆட வைத்தார்களே! சென்னையில் 2018இல் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு, கானாவையும் ரொக்கையும் ராப்பையும் ஒன்றாகப் பாடியது. கொழும்பில் ஆங்கிலத்தில் பாடும் ரொக் பாண்டுகளுக்குக் குறைவில்லை. 1990களின் கடைசியில் தொடங்கிய ஸ்டிக்மாட்டா போன்றவை இன்றும் பேசப்படுகின்றன. தமிழில் எழுதிப் பாடுகிறவர்கள் குறைவு. மகள் வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதட்டும். யாழ்ப்பாணம், சென்னை, டொரொண்டோ, லண்டன் என்று கேட்கிறவர்கள் பரந்து கிடக்கிறார்கள்.

இனிக் காசு விஷயம். கல்யாண வீடு, ஹோட்டல் என்று மற்றவர்கள் பாட்டைப் பாடினால் கைக்குக் காசு வரும். தப்பான வேலை இல்லை, மேடைப் பயமும் போகும். ஆனால் கிழமைக்கு இரண்டு இரவுக்கு மேல் போனால் சொந்தப் பாட்டு எழுத மிஞ்சுவது களைப்புத்தான். இணையத்தில் பாட்டைப் போட்டால் கொட்டும் என்று அவள் நம்புகிறாள், அதையும் அளந்து சொல்ல வேண்டும். ஸ்பொட்டிஃபை 2021இல்தான் இலங்கைக்கு வந்தது. ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாவிட்டால் அதற்கு ஒரு சதமும் இல்லை என்பது 2024இலிருந்து அவர்கள் வைத்திருக்கும் விதி. யூடியூப்பில் விளம்பரப் பங்கு கிடைக்கப் பொதுவாக 1,000 சந்தாதாரரும் ஒரு வருஷத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். ஆரம்பத்தில் இவை ஆள் சேர்க்கிற இடங்கள், அவ்வளவுதான்.

சிங்களப் பாடகி யொஹானியைப் பற்றி மகள் ஆசையாகப் பேசினாள். 2021இல் அவர் பாடிய ‘மெனிக்கே மகே ஹித்தே’ எல்லை தாண்டிப் போனது உண்மை. ஆனால் அந்தப் பாட்டு அதற்கு முந்திய வருஷமே சதீஷன் பாடி வெளிவந்தது. யொஹானி அவரோடு சேர்ந்து திரும்பப் பாடினார். இன்னொன்று, அவர் கணக்கியல் படித்தவர். இதை அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்துவது பாட்டு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைத்தான். எங்கள் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுதிய உடனேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. ஆயுட்காலம் முழுக்கவும், அதற்குப் பிறகு 70 வருஷமும் அது நிற்கும். இதில் இரண்டு உரிமை இருக்கிறது: சொல்லும் மெட்டும் ஒன்று, அதன் ஒலிப்பதிவு மற்றொன்று. ஸ்டூடியோக்காரர் பதிவுக்கு உரிமை கேட்கலாம், அதற்காகப் பாட்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பொடியன் அப்படிக் கொடுத்துவிட்டான். இலவசமாகப் பதிவு செய்து தருகிறோம் என்றார்கள். இரண்டு பக்க ஆங்கிலக் கடதாசி, வாசிக்காமலே கையெழுத்து. தாயார் செத்த வருஷம் அவருக்காக அவன் எழுதிய பாட்டும் அதற்குள் போய்விட்டது. இன்றைக்கு அதைத் தன் இணையப் பக்கத்தில் போட அவனுக்கே அனுமதி இல்லை. என் முன்னால் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது அவனுக்குக் குரல் வரவில்லை. அதனால் சொல்கிறேன், மகள் எதில் கையெழுத்துப் போடுவதென்றாலும் அதற்கு முன்பே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். நண்பர்களோடு சேர்ந்து எழுதினால் சொல் யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை வீதம் என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி எல்லோரும் ஒப்பமிடட்டும். சிநேகிதம் நன்றாக இருக்கும்போதே எழுத வேண்டிய தாள் அது. ஒலிப்பதிவு ஒவ்வொன்றுக்கும் அதை அடையாளம் காட்டும் 12 இடம் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. என்ற சர்வதேசக் குறியீடு கிடைக்கும், அதையும் கொப்பியில் குறித்து வைக்கட்டும்.

படிப்பை விடச் சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்து இராமநாதன் நுண்கலைப் பக்கமோ மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமோ போனால் கர்நாடக சங்கீதத்தில் செவி நன்றாகத் தீட்டப்படும். அதற்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. ஆனால் அவளுக்கு மனம் அதில் இல்லை. நாவலயில் திறந்த பல்கலைக்கழகத்தில் ஒரு முகாமைத்துவப் பட்டமோ, ஏ.ஏ.டி., சீமா போன்ற கணக்கியல் தகைமையோ அவளுக்குப் பொருந்தும். பின்னேரம் மிஞ்சும், கணக்கும் கைவரும். கூடவே லண்டன் டிரினிட்டி கல்லூரியின் ரொக் அன்ட் பொப் தரப் பரீட்சைகளில் ஒன்றிரண்டை முடித்தால், வெள்ளவத்தையிலேயே பிள்ளைகளுக்குக் கிற்றார் வகுப்பு எடுக்கலாம். மாதாமாதம் வரும் காசு அதுதான்.

நகையை அடகு வைத்து ஸ்டூடியோ கட்ட வேண்டாம், அக்கா. பழைய லப்டொப், குரலையும் கிற்றாரையும் அதற்குள் அனுப்ப இரண்டு வழி ஓடியோ இன்டர்பேஸ், ஒரு டைனமிக் மைக், ஒரு ஹெட்போன். தொடங்க இவ்வளவு போதும். அந்த வகை மைக் வாய்க்குக் கிட்டவிருக்கும் சத்தத்தைத்தான் பெரிதாக எடுக்கும், அறைச் சத்தம் குறையும். ஃபேனை நிறுத்திவிட்டு, உடுப்பு அலுமாரியைத் திறந்து வைத்து, அதன் முன்னால் நின்று பாடினால் எதிரொலி அடங்கும். கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

காதும் தொண்டையும் அவளுடைய ஆயுதம். 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் தாங்கும் காது, 100 டெசிபலில் 15 நிமிஷத்துக்கு மேல் தாங்காது. ட்ரம்ஸ் பக்கத்தில் நின்றால் அந்த அளவுக்கு ஏறுவது லேசு. பயிற்சிக்கும் காதடைப்பான் போடட்டும். குரல் கம்மி மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் இஞ்சித் தேநீரோடு இருந்துவிடாமல் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

இரவு நிகழ்ச்சிதான் உங்களை நித்திரை கொள்ள விடவில்லை என்று தெரியும். பாடக் கூடாது என்று சட்டம் போடாமல் வீடு வருகிற வழிக்குச் சட்டம் போடுங்கள். யாரோடு போகிறாள், எத்தனை மணிக்கு முடியும், யார் கூட்டிவருவார் என்பது முதல் நாளே தெரிய வேண்டும். பாதிக் காசு முன்பணமாக வராவிட்டால் போக வேண்டாம். முதல் வருஷம் அப்பாவும் ஒன்றிரண்டு நிகழ்ச்சிக்குப் போய்ப் பின்வரிசையில் இருக்கட்டும். அவள் பாடுவதை அவர் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை என்று போகும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்.

அடுத்த மாதம் வரும்போது கொப்பியையும் கொண்டுவரட்டும். கொட்டாஞ்சேனை அம்மம்மாவின் தையல் மெஷினைப் பற்றி ஒரு பாட்டுத் தொடங்கியிருக்கிறாள், மூன்றாவது சரணம் வெறுமையாகக் கிடக்கிறது. அதை முடித்துக் கொண்டு வரச் சொல்லுங்கள்.