வயலின் கேள்விகள்: கிளிநொச்சியிலிருந்து பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வயலின் வித்துவான் எல். சுப்பிரமணியத்தைப் பற்றியவை. 2025 இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்த நாளிலிருந்து என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலும் இதே பேச்சுத்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மல்லாவி: எல். சுப்பிரமணியம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்தானே?

இல்லை. 1947 இல் சென்னையில் பிறந்தார், வளர்ந்ததுதான் யாழ்ப்பாணம். தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தார். அண்ணன் வைத்தியநாதன், தம்பி சங்கர், இவர் என மூவரும் அவரிடமே வயலின் பழகினார்கள். கச்சேரியில் பாடகருக்குப் பக்கத்தில் இருந்து வாசிப்பதே வயலினின் வேலை என்று பலரும் நினைத்த காலம் அது. அதைத் தனி வாத்தியமாக மேடையேற்ற வேண்டும் என்பது அந்தத் தந்தையின் தீராத ஆசை. 1958 இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. மூன்று சகோதரர்களும் சேர்ந்து வாசித்த கச்சேரிகளும், பின்னால் சுப்பிரமணியம் மேற்கத்திய வயலின் மேதை யெகுடி மெனுகினோடு வாசித்ததும், 1985 இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்காக அவர் எழுதிய படைப்பும் எல்லாம் தந்தையின் அந்த ஆசையிலிருந்து வந்தவை என்றே நான் பார்க்கிறேன்.

வவுனியா: அப்படியென்றால் அவர் இந்தியர். நம்மவர் என்று ஏன் கொண்டாட வேண்டும்?

பிறப்பால் இந்தியர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வயலின்காரனின் கையும் காதும் உருவாவது சிறுவயதில். அந்த வயதில் அவர் கேட்டது யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழா மேளமும் தந்தையின் பாடமும்.

மல்லாவி (மீண்டும்): பார்த்தீர்களா, நம்மவர்தான்!

நான் அப்படிச் சொல்லவில்லை, ஐயா. அந்தக் குடும்பம் இங்கிருந்து ஏன் போக வேண்டி வந்தது என்பதையும் சேர்த்துப் பேசினால் உங்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். இதே விவாதத்தில் இன்னும் ஏழு கடிதங்கள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் இதுதான் பதில்.

பரந்தன், ஒரு தாயார்: சுப்பிரமணியமே மருத்துவம் படித்தவர். என் மகனும் உயர்தரம் உயிரியல் முடித்துவிட்டு வயலினைத் தொடரலாம்தானே?

அம்மா, அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தது உண்மை. அப்புறம் கலிபோர்னியா போய் மேற்கத்திய இசையில் முதுகலை முடித்தார். ஆனால் மருத்துவம் படிப்பதற்காக அவர் வயலினைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. சிறுவயதிலேயே மேடை ஏறியவர், வாசித்துக்கொண்டேதான் படித்தார். உங்கள் மகனின் வில்லை இரண்டு வருடம் பூட்டி வைக்காதீர்கள். நாளுக்கு இருபது நிமிடம் சரளி வரிசை என்ற தொடக்க ஸ்வரப் பயிற்சியும் ஒரு வர்ணமும் வாசித்தால் உயிரியல் கெட்டுப்போகாது.

ஒட்டுசுட்டான்: வெள்ளைக்காரர் வாத்தியம் நம் கோயிலில் எதற்கு?

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதை ஐரோப்பியரிடம் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்து ஏறத்தாழ இருநூறு வருடமாகிறது. அதை நம் ஆட்கள் எப்படி மாற்றினார்கள் என்று பாருங்கள். மேற்கில் நின்றோ நாற்காலியில் இருந்தோ தாடையால் பிடித்து வாசிப்பார்கள். நாம் சப்பாணி கட்டி உட்கார்ந்து, தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்க்கிறோம். வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லாததால் விரல் கம்பி முழுக்க வழுக்கி ஓடலாம். தோடி ராகத்தின் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், அசைவது அந்த ஓட்டத்தில்தான். சுருதியும் வேறு: நான்கு கம்பிகளையும் ச-ப-ச-ப என்று சேர்க்கிறோம். இவ்வளவு செய்த பிறகு அது யாருடைய வாத்தியம்?

முழங்காவில்: சோளகக் காற்று வீசும் காலத்தில் சுருதி நிற்பதில்லை, ஏன்?

வெப்பமும் வறட்சியும். மரம் சுருங்கி, கம்பியை முறுக்கும் பிருடை வழுக்கும். அதைவிட ஆபத்து ஒட்டு. வயலினின் பலகைகளை ஒட்டப் பயன்படும் பசை சூட்டில் இளகும். நான் இரண்டு வயலின்களை இழந்தவன். ஒன்று 2009 இல் இடப்பெயர்வில் போனது, அதைக் காப்பாற்ற என்னால் முடிந்திருக்காது. மற்றதை, மோட்டார் சைக்கிளில் கட்டி மதிய வெயிலில் ஒரு மணித்தியாலம் விட்டுவிட்டுக் கடைக்குள் இருந்தேன். திறந்தபோது மேல்பலகை பிளந்திருந்தது. தயவுசெய்து வெயிலில் வைக்காதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியின் மேலும் வைக்காதீர்கள். வாசித்து முடித்தால் வில்லைத் தளர்த்துங்கள்.

நெடுங்கேணி: எத்தனை மாதத்தில் பாட்டு வாசிக்கலாம்?

ஒழுங்காகப் பழகினால் ஒரு வருடத்தில் எளிய கீதங்கள்.

மாங்குளம்: ஆறு மாதத்தில் முடியுமா?

மேலே பாருங்கள்.

புதுக்குடியிருப்பு: மூன்று மாத விரைவு வகுப்பு உண்டா?

என்னிடம் இல்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

வற்றாப்பளை: நாதஸ்வரச் சீவாளி எங்கே நல்லதாகக் கிடைக்கும்?

என் துறை அல்ல. அளவெட்டி, இணுவில் பக்கம் வித்துவான்களைக் கேளுங்கள்.

விசுவமடு, ஐந்தாம் வகுப்பு மாணவி: விரல் நுனி நோகுது ரீச்சர். விடட்டுமா?

விடாதே பிள்ளை. எல்லோருக்கும் முதலில் நோகும், தோல் கொஞ்சம் கெட்டியானதும் நின்றுவிடும். இன்றைக்குப் பத்து நிமிடம் போதும். கம்பியை அழுத்தி நசுக்காமல் தொட்டு வாசி. நகத்தை வெட்டு. முடிந்ததும் வில்லைத் தளர்த்திப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய் விளையாடு.