எம்ஹெச்434 ஸ்பிட்ஃபயரின் பதிவெண் எங்கே?

இரண்டாம் உலகப் போர் காலத்து பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் எம்ஹெச்434-ஐப் பதிவேட்டில் தேடியும் கிடைக்கவில்லை, விமானத்தின் மேலும் பதிவெண்ணைக் காணவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தேடும் சிவில் பதிவெண் ஜி-ஏஎஸ்ஜேவி. எம்ஹெச்434 என்பது பிரிட்டிஷ் விமானப்படையில் இதற்கு இருந்த எண். அதைப் பதிவெண் கட்டத்தில் போட்டதால்தான் ஒன்றும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

பிரிட்டனில் பழைய போர் விமானங்கள் ராணுவ வண்ணத்திலேயே பறக்க விலக்கு உண்டு. சிவில் எழுத்துகளை வெளியே எழுத வேண்டியதில்லை.

பிரிட்டன் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஜி-இன்ஃபோ பதிவேட்டில் ஜி-ஏஎஸ்ஜேவி என்ற எழுத்துகளைப் போட்டுப் பாருங்கள். அங்கே 1963-க்கு முந்தைய முழுக் கதை கிடைக்காது. போருக்குப் பின் இது நெதர்லாந்து, பெல்ஜியம் விமானப்படைகளில் இருந்தது. அப்புறம் பெல்ஜியத்தில் ஓஓ-ஏஆர்ஏ என்ற சிவில் பதிவில் பறந்தது. எவ்வளவு அருமையான பயணம்!

ஒரு எச்சரிக்கை: இதன் பக்கவாட்டில் தீட்டியிருக்கும் இசட்டி-பி என்ற ராணுவ எழுத்துகள் பிரிட்டிஷ் விமானப்படையின் 222-ஆம் படைப்பிரிவில் இதற்கே உரியவை. ஆனால் மற்ற ஸ்பிட்ஃபயர்கள் சிலவற்றில் வேறொரு விமானத்தின் எழுத்துகளைத் தீட்டியிருப்பார்கள். பெயின்ட்டை மட்டும் நம்பாதீர்கள்.