உமி, இரும்புத் துளி, ஊசிப் படிகம்: விஸ்கர் வளர்ப்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சிலிக்கான் கார்பைடு என்ற கடினமான பீங்கான் வகைப் பொருளின் விஸ்கருக்கு, அதாவது மயிரிழை போன்ற ஊசிப் படிகத்துக்கு, நெல் உமியை ஏன் தேடுகிறார்கள்? மணலும் கரியும் போதாதா?

பதில்: வேதிக் கணக்குப்படி போதும். ஆனால் உமியில் சிலிக்காவும் (மணலில் உள்ள அதே பொருள்) கார்பனும் திசுவுக்குள்ளேயே நுண்ணிய அளவில் கலந்திருக்கின்றன. எந்த அரவை இயந்திரமும் அப்படிக் கலக்காது. உமிச் சாம்பலில் பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்காதான். உமியைக் காற்றுப் புகாமல் கரியாக்கி, சுமார் 1400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றினால் சிலிக்கான் மோனாக்சைடு வாயு எளிதில் கிளம்பும். விஸ்கர் வளர்வது அந்த வாயுவிலிருந்துதான். யூட்டா பல்கலைக்கழகத்தின் ஐவன் கட்லர் 1970-களில் இந்த வழியைத் திறந்துவைத்தார். கூடவே சாதாரணத் தூளும் கணிசமாக விளையும் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

கேள்வி: இரும்பு சேர்ப்பது எதற்கு? நிறையச் சேர்த்தால் நிறைய விளையுமா?

பதில்: 1964-இல் பெல் ஆய்வகத்தின் வாக்னரும் எல்லிஸும் சிலிக்கான் விஸ்கரைத் தங்கத் துளியின் உதவியால் வளர்த்து, அதன் வழிமுறையை விளக்கினார்கள். தங்கம், சிலிக்கான் இரண்டுமே தனித்தனியாக 1000 டிகிரிக்கு மேல்தான் உருகும். சேர்ந்தால் 363 டிகிரியிலேயே திரவமாகிவிடும். அந்தத் துளி வாயுவிலிருந்து சிலிக்கானை உறிஞ்சி, தாங்கும் அளவு மீறியதும் தன் அடியில் படிகமாக இறக்குகிறது. படிகம் நீள நீளத் துளி நுனியிலேயே மேலேறிச் செல்கிறது. சிலிக்கான் கார்பைடுக்குக் கார்பனையும் கரைக்கும் உலோகம் தேவை என்பதால் இரும்பு பொருந்துகிறது. லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் எஃகுத் துகள்களை வைத்தே மில்லிமீட்டர் கணக்கில் நீளமான விஸ்கர்களை வளர்த்தார்கள்.

இரும்பைக் கொட்டினால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். விஸ்கர் தடிக்கும், இரும்பு சிலிசைடு மாசாகத் தங்கும். எடையைவிடத் துகளின் அளவைக் கவனியுங்கள்.

கேள்வி: என் மாதிரியில் இரும்புதான் வேலை செய்தது என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: மின்னணு நுண்ணோக்கியில் நுனியைப் பாருங்கள். உறைந்த உருண்டை இருந்தால் துளி வழி. இல்லையென்றால் வாயுவிலிருந்து நேரடியாக வளர்ந்திருக்கலாம். அமிலத்தில் கழுவும் முன்பே பாருங்கள். கழுவினால் சாட்சி கரைந்துவிடும்!

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்யலாமா?

பதில்: புகைக்கூண்டும் (fume hood) தகுந்த சுவாசக் கவசமும் இல்லாமல் கூடாது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இந்த விஸ்கர்களை 2ஏ பிரிவில், அதாவது அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் வைத்திருக்கிறது.

கேள்வி: அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்த முல்லைட் என்ற பீங்கான் பொருளின் விஸ்கருக்கும் உலோகத் துளி வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. அங்கே ஃபுளோரின் அந்த வேலையைச் செய்கிறது. அலுமினியம் ஃபுளோரைடையும் சிலிக்காவையும் சூடேற்றினால் முதலில் ஃபுளோரின் கொண்ட புஷ்பராகம் (டோபாஸ் கனிமம்) உருவாகும்; மேலும் சூடேறும்போது அது சிதைந்து முல்லைட் ஊசிகளாகிறது. புடக்குகையை மூடிவையுங்கள். உள்ளே உண்டாகும் ஃபுளோரின் சேர்ம வாயு தப்பினால் ஊசிக்குப் பதில் தூள்தான் மிஞ்சும்.