22 மாதம், ஐந்தாறு சொற்கள்: காத்திருக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நானும் கணவரும் வேலை பார்க்கிறோம். 22 மாத மகனைப் பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். ‘அம்மா’, ‘தா’, ‘பூ’ என ஐந்தாறு சொற்களுக்கு மேல் அவன் பேசுவதில்லை. செல்போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறந்து சாப்பிடுகிறான். “இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்” என்கிறார் மாமியார். பிளே ஸ்கூலில் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். வீட்டில் தமிழோடு ஆங்கிலமும் பேசுவதால் குழம்புகிறானோ? பெற்றோராக நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பேச்சு தாமதமாகத் தொடங்குவது சில குடும்பங்களில் வழிவழியாக வருவதுண்டு. ஆண் குழந்தைகள் சராசரியாகச் சற்றுப் பின்தங்கியே பேசத் தொடங்குவதும் உண்டு. ஆனால் அந்த வித்தியாசம் ஓரிரு மாதக் கணக்குதான்; மூன்று வயது வரை பொறுத்திருக்க அது காரணமாகாது. இரண்டு வயது நிறையும்போது ஏறத்தாழ 50 சொற்களும், ‘பால் வேணும்’, ‘அப்பா வா’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லும் திறனும் வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாமாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். உங்கள் மகன் அந்தப் பலரில் ஒருவனா என்பதைப் பரிசோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது என்பதால், பரிசோதனையையும் வீட்டில் செய்ய வேண்டிய மாற்றங்களையும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வைக்காமல் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

முதலில் காது. “டிவியில் விளம்பரப் பாட்டு கேட்டால் ஓடி வருகிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது” என்று அநேகமாக எல்லாப் பெற்றோரும் சொல்வார்கள். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டால், உரத்த ஓசைகள் கேட்கும்; ஆனால் ‘ச’, ‘ப’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் தெளிவில்லாமல் மங்கிக் கேட்கும். கைதட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க இயலாது. பிறந்தபோது செய்த செவிப் பரிசோதனையில் குறை ஏதும் இல்லாவிட்டாலும், இப்போது மறுபடியும் ஒருமுறை செய்துகொள்வதே முறை. தேவைப்பட்டால் குழந்தை உறங்கும்போது, காதில் விழும் ஒலி மூளையை எட்டுகிறதா என்று பார்க்கும் ‘பெரா’ (BERA) பரிசோதனை செய்வார்கள்; அதில் வலி கிடையாது.

அடுத்தது, அவன் சொல் இல்லாமல் எப்படிப் பேசுகிறான் என்பது. நான் குழந்தைகளைப் பார்க்கும்போது சொற்களை எண்ணுவதற்கு முன் இதைத்தான் கவனிப்பேன். மூடி இறுகிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சின்னக் கார் ஒன்றைப் போட்டுக் குழந்தையின் கையில் கொடுப்பேன். திறக்க முடியாதபோது ஒரு குழந்தை டப்பாவை அப்பாவிடம் நீட்டி, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து, மறுபடி டப்பாவைப் பார்க்கும். வாயில் சொல் வராவிட்டாலும் அங்கே ஓர் உரையாடல் நடந்துவிட்டது. இன்னொரு குழந்தை அப்பாவின் முகத்தைப் பாராமல், அவர் கையை மட்டும் ஒரு கருவியைப் போல இழுத்து மூடியின் மேல் வைக்கும். இரண்டாவது குழந்தையை நான் விரைவாகவும் விரிவாகவும் பரிசோதிப்பேன். உங்கள் மகன் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, பிடித்த பொருளை விரலால் சுட்டிக் காட்டிவிட்டு நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, முன்பு சொன்ன சொல் எதையாவது இப்போது சொல்லாமல் விட்டுவிட்டானா என்று கவனியுங்கள். இவற்றில் கடைசியாகச் சொன்னது நடந்திருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் நிலவைச் சுட்டி அழைப்பதை அம்புலிப் பருவம் என்று தனியாகவே வகுத்தார்கள். ஒரே பொருளை இருவரும் சேர்ந்து பார்ப்பதில்தான் பேச்சு வேர்விடுகிறது என்று இன்று நாங்கள் சொல்வதும் அதைத்தான்.

இனி செல்போன். அதில் ஓடும் பாட்டில் ஆயிரம் சொற்கள் இருந்தும் அவன் ஏன் கற்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பட்ரீஷியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீனமொழியை அறிமுகப்படுத்தினார்கள். எதிரே உட்கார்ந்து விளையாடிப் பேசியவரிடமிருந்து அக்குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாடுகளைக் கற்றார்கள். அதே பேச்சைக் காணொளியிலோ ஒலிப்பதிவிலோ பெற்ற குழந்தைகள் கற்கவில்லை. திரை குழந்தையிடம் பேசுமே தவிர, குழந்தை ‘பூ’ என்றால் திரும்பிப் பார்க்காது. உலக சுகாதார நிறுவனம் 2019இலும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இலும் இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்றே அறிவுறுத்தியுள்ளன. அதே நேரத்தில், செல்போன் பார்த்ததால்தான் குழந்தைக்கு ஆட்டிசம் வந்தது என்று சொல்வோரை நம்பி உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். அதற்கு ஆதாரம் இல்லை. திரை பறித்துக்கொள்வது உங்களோடு பேசியிருக்கக்கூடிய நேரத்தை.

செல்போனை எடுத்துவிட்டால் முதல் சில நாள்கள் அழுவான், சாப்பாட்டைத் தட்டிவிடுவான். பசித்த குழந்தை பட்டினி கிடக்காது என்ற தைரியம் வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் வந்தால்தான் இது நடக்கும். பகலில் ஒரு சட்டம், இரவில் ஒரு சட்டம் என்றால் நடக்காது. இட்லியைப் பிட்டு அவன் தட்டிலேயே வைத்து, அவன் கையாலேயே எடுத்துத் தின்ன விடுங்கள். சிந்தும், பாயைத் துடைக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. 20 முதல் 30 நிமிடங்களில் தட்டை எடுத்துவிட்டு, அடுத்த வேளை வரை பாலையும் பிஸ்கட்டையும் கொடுத்து வயிற்றை நிரப்பாமல் இருங்கள். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைக்குச் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். இரத்தசோகை உள்ள குழந்தை சோர்ந்து, கவனமும் சிதறியே இருக்கும் என்பதால், மருத்துவரிடம் போகும்போது ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுவது நல்லது.

பேசப் பழக்குவது என்றதும் பலர் பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறார்கள். “இது என்ன, சொல்லு? மாமாவுக்குச் சொல்லிக் காட்டு” என்று விருந்தினர் முன் நிறுத்துவது குழந்தையை வாயடைக்கவே செய்யும். அதைவிட, தரையில் அவன் உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்து, அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றி ஒரு சிறு வாக்கியம் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு பேசாமல் இருங்கள். இந்தப் பத்து எண்ணிக்கை பெரியவர்களுக்குப் பெரும்பாடு. ஐந்துக்குள் பதிலையும் நாமே சொல்லிவிடுவோம். அவன் ‘பூ’ என்றால் ‘மஞ்சப் பூ’ என்றோ ‘பூ விழுந்துடுச்சு’ என்றோ ஒரு சொல்லை மட்டும் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். கையை நீட்டியதுமே தண்ணீரைக் கொடுத்துவிடாமல், தம்ளரைப் பிடித்தபடி ‘தண்ணி’ என்று சொல்லி ஒரு கணம் காத்திருங்கள். அவன் ‘த’ என்றாலும் போதும், உடனே கொடுத்துவிடுங்கள்.

இருவரும் வேலைக்குப் போவது குற்றமல்ல. குளிப்பாட்டுவதைக் கணவரிடம் முழுமையாக ஒப்படையுங்கள். மக், சோப்பு, சூடு, ஊற்று, போதும் என்று அந்தப் பதினைந்து நிமிடத்தில் எத்தனையோ சொற்கள் இயல்பாக வந்துபோகும். பகலில் மாமியார் பூக்கட்டும்போதும் காக்கைக்குச் சோறு வைக்கும்போதும் செய்வதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால், எந்தச் செயலியும் தராத பயிற்சி அது.

பிளே ஸ்கூலை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம். இருபது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியை இருக்கும் அறையில் பேசாத குழந்தையிடம் யாரும் தனியாகப் பேசப்போவதில்லை. இரு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆனாலும் உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கோபிக்கவும் தடையில்லாமல் வருகிறதோ அதிலேயே பேசுங்கள்.

மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையோடு இணைந்து, குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும் இடையீட்டுச் சேவை மையத்தில் (DEIC) செவிப் பரிசோதனை, வளர்ச்சி மதிப்பீடு, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பெறலாம். போவதற்கு முன் உள்ள நாள்களில், அவன் சொல்லும் சொற்களையும் சுட்டிக் காட்டும் பொருள்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பகல் முழுவதும் அவன் என்ன செய்கிறான் என்று மருத்துவர் கேட்கும்போது, பதில் தெரிந்தவர் அவர்தான்.