60களின் ஐரோப்பிய உளவுப் படங்கள்: எதில் தொடங்கலாம், எந்தப் பிரதியைப் பார்க்கலாம்?

கேள்வி: 1960களில் இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனியில் எடுத்த உளவாளிப் படங்கள் எல்லாமே ஜேம்ஸ் பாண்ட் நகல்கள்தானா? இணையத்தில் இரண்டு பார்த்தேன். படம் மங்கல், வாயசைவுக்கும் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. பார்க்கத் தகுந்தவை ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, நிறையவே. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு குறைகளில் முதலாவது படத்தின் குறை அல்ல, உங்களுக்குக் கிடைத்த பிரதியின் குறை. இரண்டாவது, அந்தக் காலத்து ரோம் ஸ்டூடியோக்களின் வேலைமுறை. இந்தப் படங்களைப் பாதியில் நிறுத்துபவர்களில் பலர் கெட்ட பிரதியைப் பார்த்துவிட்டுப் படத்தைத் திட்டுகிறார்கள். அதனால் பட்டியலுக்குப் போகும் முன் இவை எப்படித் தயாரானவை என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் நகல் விஷயம். பிரெஞ்சு எழுத்தாளர் ஜான் ப்ரூஸ், ஓ.எஸ்.எஸ். 117 என்ற உளவாளியை வைத்து நாவல் எழுத ஆரம்பித்தது 1949இல். இயான் ஃப்ளெமிங்கின் முதல் பாண்ட் நாவல் வந்தது 1953இல். 117 திரைக்கு வந்ததும் 1957இலேயே. ஆக, மூன்று இலக்க எண் வைத்திருப்பவன் எல்லாம் 007ஐப் பார்த்துப் பிறந்தவன் அல்ல. ஆனால் 1962இல் 'டாக்டர் நோ' சுமார் 10 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு வசூலை அள்ளிய பிறகுதான் வெள்ளம் திறந்தது என்பதும் உண்மை. 1965, 66இல் அது உச்சத்தில் இருந்தது.

அந்த நேரத்தில் ரோமில் என்ன நிலைமை என்று பாருங்கள். 1958இல் 'ஹெர்குலிஸ்' ஓடியதிலிருந்து ஐந்தாறு வருஷம் வாளும் கேடயமுமாகப் படங்களை எடுத்துத் தள்ளியிருந்தார்கள். 1964 வாக்கில் ஜனங்களுக்கு அது சலித்துவிட்டது. சண்டைக் கலைஞர்கள், கேமராக் குழுக்கள், கட்டுமஸ்தான அமெரிக்க நடிகர்கள் என்று ஒரு படையே சும்மா இருந்தது. ப்ராட் ஹாரிஸ், கார்டன் ஸ்காட், ரிச்சர்ட் ஹாரிசன் எல்லாரும் தோல் கச்சையைக் கழற்றிவிட்டுக் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டார்கள். பணம் இரண்டு மூன்று நாட்டிலிருந்து வந்தது. கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாட்டிலிருந்தும் நடிகர்களையும் தொழில்நுட்ப ஆட்களையும் எடுத்தால்தான் அந்த நாட்டின் உள்நாட்டுப் படம் என்ற சலுகை கிடைக்கும். கதாநாயகன் அமெரிக்கன், நாயகி ஜெர்மன்காரி, வில்லன் ஸ்பானியன், கதை இஸ்தான்புல்லில் நடக்கிறது என்றால் திரைக்கதையில் அதற்குக் காரணம் தேடாதீர்கள். காரணம் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

இப்போது படத்தின் மங்கலுக்கு வருவோம். இந்த வகையின் பல படங்கள் டெக்னிஸ்கோப் முறையில் எடுத்தவை. டெக்னிகலர் என்ற வண்ணப்பட நிறுவனத்தின் ரோம் கிளை 1960இல் கொண்டுவந்த முறை இது. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃபிரேமுக்கு, ஃபிலிமின் ஓரத்தில் இருக்கும் துளைகளில் நான்கின் உயரம். டெக்னிஸ்கோப்பில் இரண்டே துளை. ஆயிரம் அடிச் சுருள் வழக்கமான கேமராவில் 11 நிமிஷம் ஓடும் என்றால் இதில் 22 நிமிஷம் ஓடும். நெகட்டிவ் செலவு பாதியாகிவிடும். அகலத்திரைப் படத்துக்குப் பொதுவாகத் தேவைப்படும், படத்தைப் பக்கவாட்டில் நெருக்கும் விசேஷ லென்ஸும் வேண்டாம், சாதாரண லென்ஸ் போதும். அது விலை குறைவு, எடை குறைவு. குறைந்த வெளிச்சத்திலும் வேலை செய்யும், முகத்துக்கு மிக அருகில் போனாலும் உருவம் கோணாது, முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் ஒருசேரத் தெளிவாக விழும். திரையரங்கப் பிரின்ட் எடுக்கும்போது லேபில் அந்தக் குட்டி ஃபிரேமை இருமடங்கு உயரத்துக்கு இழுத்து அச்சடிப்பார்கள்.

சிக்கலும் அங்கேதான். நெகட்டிவின் பரப்பு பாதி என்பதால் ஃபிலிமின் துகள், அதாவது மணல் தூவியது போன்ற புள்ளிகள், பெரிதாகத் தெரியும். டெக்னிகலரின் பழைய சாயப்பதிவு முறையில் நெகட்டிவிலிருந்தே நேராக அச்சுத்தகடு தயாரித்து அதிலிருந்து சாயத்தைப் பிரின்டில் பதிப்பார்கள், அதனால் துகள் அடங்கியிருந்தது. அந்த முறை போன பிறகு, நெகட்டிவிலிருந்து நகல், நகலிலிருந்து நகல் என்று போன ஒவ்வொரு படியிலும் படம் இன்னும் கரைந்தது. அப்படி மூன்றாம் நான்காம் தலைமுறைப் பிரின்டிலிருந்து வீடியோ டேப்புக்குப் போனதுதான் இன்று இணையத்தில் சுற்றுவதில் பெரும்பகுதி. போதாததற்கு டிவிக்காக ஓரங்களை வெட்டினார்கள். உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலமான படத்தை 1.33க்குள் அடைத்தால் நூற்றுக்கு 43 பங்கு படம் போய்விடும்.

அது என்ன இழப்பு என்று தெரிய 1965இல் வந்த 'தி இப்கிரஸ் ஃபைல்' ஒன்று போதும். பிரிட்டிஷ் படம்தான், ஆனால் டெக்னிஸ்கோப். இயக்கம் சிட்னி ஜே. ஃப்யூரி, ஒளிப்பதிவு ஓட்டோ ஹெல்லர். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் வாசலில் ஒரு கைகலப்பு வரும். கேமரா ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, அதன் கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே சண்டையைப் பார்க்கிறது. ஆட்கள் சட்டம் விட்டுச் சட்டம் தாவுகிறார்கள். ஒரு குத்து பாதி தெரியும், பாதி கம்பிக்குப் பின்னால் போகும். யாரோ எங்கிருந்தோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வை வசனமே இல்லாமல் அந்த ஒரு கோணம் தந்துவிடுகிறது. ஓரம் வெட்டிய பிரதியில் இது ஏதோ கம்பிகளும் கைகால்களுமாகத்தான் தெரியும். மேஜை விளக்கின் மறைப்புக்குப் பின்னாலிருந்து, யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து என்று படம் முழுக்க இப்படித்தான். முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் சேர்ந்து தெளிவாக விழும் லென்ஸ் இல்லாமல் இதை எடுத்திருக்க முடியாது. சிக்கனத்துக்காக வந்த கருவியை அழகுக்காகப் பயன்படுத்தியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிரதி தேர்ந்தெடுக்கும்போது இன்னும் மூன்று விஷயம் பாருங்கள்.

படம் முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தால் அது ஈஸ்ட்மன்கலர் என்ற வண்ண ஃபிலிமில் போட்ட பிரின்டில் நீலப்பச்சைச் சாயம் மங்கியதன் விளைவு. இயக்குநர் அப்படி எடுக்கவில்லை. அதை விட்டுவிட்டு வேறு பிரதி தேடுங்கள்.

இரவில் நடப்பதாகச் சொல்லும் காட்சி பட்டப்பகல் மாதிரி இருந்தால், அது பகலில் எடுத்த இரவு. வெயிலை ஆட்களின் முதுகுப்பக்கம் வைத்து, வானத்தைத் தவிர்த்து, ஒளியை ஒன்றரை இரண்டு ஸ்டாப் குறைத்து எடுப்பார்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). லேப் பிரின்டை இன்னும் இருட்டாக்கி நீலம் கூட்டும். பின்னாளில் வீடியோவுக்கு மாற்றியவர் இது தெரியாமல் 'சரியான' வெளிச்சத்துக்கு ஏற்றிவிட்டால், உச்சி வெயிலில் டார்ச் லைட்டோடு பதுங்கும் உளவாளி கிடைப்பான். தற்காலிகமாக டிவியின் பிரைட்னஸைக் குறைத்துக்கொள்ளலாம், ஓரளவு சரியாகும்.

மூன்றாவது ஓட்ட நேரம். ஐரோப்பிய பழைய டிவிடிகள் வினாடிக்கு 24 ஃபிரேமை 25ஆக ஓட்டுகின்றன. 100 நிமிஷப் படம் 96 நிமிஷத்தில் முடியும், குரலும் சற்றுக் கீச்சென்றிருக்கும். அது வெட்டிய படம் அல்ல, பயப்பட வேண்டாம். 100 நிமிஷப் படம் 85இல் முடிந்தால்தான் அது வேறு நாட்டு விநியோகஸ்தர் கத்தரி வைத்த பிரதி.

இனி குரல். இத்தாலியில் அப்போது படப்பிடிப்பில் ஒலிப்பதிவுக்கு முக்கியத்துவம் கிடையாது. ஒவ்வொரு நடிகரும் அவரவர் மொழியில் பேசுவார், குரல் எல்லாம் பின்னால் டப்பிங் அறையில் சேரும். ஆகவே இந்தப் படங்களுக்கு 'அசல்' ஒலி என்று ஒன்றைக் காட்டுவது கடினம். இத்தாலிய ஒலியும் டப்பிங், ஆங்கில ஒலியும் டப்பிங். என் கணக்கு இது: நாயகனின் வாய் ஆங்கிலம் பேசினால் ஆங்கில ஒலியை வையுங்கள், உதட்டசைவு ஓரளவாவது ஒட்டும். பிரெஞ்சுப் படத்துக்குப் பிரெஞ்சு, ஜெர்மன் தொடருக்கு ஜெர்மன், கீழே சப்டைட்டில். பாண்ட் படங்களும் இதில் விலக்கு இல்லை. 'டாக்டர் நோ'வில் உர்சுலா ஆண்ட்ரெஸ்ஸுக்கும் 'கோல்ட்ஃபிங்கர்' வில்லன் கெர்ட் ஃப்ரோபெவுக்கும் பேசியவர்கள் வேறு ஆட்கள்தான். அங்கே பணம் போட்டு நிதானமாகச் செய்தார்கள், அதனால் நமக்குத் தெரியவில்லை.

தேடும்போது தலைப்பை நம்பாதீர்கள். ஒரே படத்துக்கு நாட்டுக்கு ஒரு பெயர். 1964இல் வந்த 117 படம் பிரெஞ்சில் 'பாங்கோ அ பாங்காக்', ஆங்கிலத்தில் 'ஷேடோ ஆஃப் ஈவில்'. 1965இன் 'ஃபூரியா அ பாயியா' ஆங்கிலத்தில் 'மிஷன் ஃபார் எ கில்லர்'. இயக்குநர் பெயரும் மாறும். அமெரிக்கப் படம் போலத் தெரிய இத்தாலியர்கள் புனைபெயர் போட்டுக்கொண்டார்கள்: டெரன்ஸ் ஹாத்தவே என்றால் செர்ஜோ க்ரியேக்கோ, சைமன் ஸ்டெர்லிங் என்றால் செர்ஜோ சொல்லிமா, ஃப்ராங்க் க்ரேமர் என்றால் ஜான்ஃப்ராங்கோ பரோலினி. ஆண்டையும் நாயக நடிகரையும் சேர்த்துத் தேடினால்தான் சரியான படம் அகப்படும்.

எதில் தொடங்கலாம்? கொண்டாட்டமான பக்கம் பிடிக்கும் என்றால் 'பாங்கோ அ பாங்காக்'. இயக்கம் ஆந்த்ரே ஹூனபெல், நாயகன் கெர்வின் மேத்யூஸ், வில்லன் ரொபேர் ஓசெய்ன், இசை மிஷெல் மாஞ். தாய்லாந்துக்கே போய் எடுத்தது. கோயிலும் கால்வாயும் தபால் அட்டைக் காட்சியாக வந்து போகாமல் கதைக்குள் நிற்கின்றன. அடுத்து ஃப்ரெடரிக் ஸ்டாஃபோர்ட் நடித்த 'ஃபூரியா அ பாயியா', பிரேசிலில் எடுத்தது. இந்த ஸ்டாஃபோர்டைத்தான் பின்னாளில் ஹிட்ச்காக் 'டோபாஸ்' படத்துக்கு நாயகனாக எடுத்துக்கொண்டார். 1963 முதல் 68 வரையிலான ஐந்து 117 படங்களையும் கினோ லோர்பர் நிறுவனம் ஒரே ப்ளூ-ரே பெட்டியாக வெளியிட்டிருக்கிறது. இந்த வகைக்குள் நுழைய அதுதான் சரியான வாசல்.

இத்தாலியப் பக்கத்தில் கென் க்ளார்க் நடித்த ஏஜென்ட் 077 படங்கள். முதலாவதான 'மிஸ்ஸியோனே ப்ளடி மேரி'யைப் பாருங்கள். ப்ளடி மேரி என்பது அதில் ஒரு அணுகுண்டின் பெயர். சண்டைகளில் உண்மையான உடல் வேகம் இருக்கிறது, க்ளார்க் சலித்துக்கொள்ளாமல் அடி வாங்குகிறார். பிரெஞ்சு இயக்குநர் க்ளோத் ஷப்ரோல் எடுத்த இரண்டு 'டைகர்' படங்களைப் பெரிய பெயரை நம்பி முதலில் எடுக்காதீர்கள், ஏமாற்றமாக இருக்கும். பத்துப் படம் பார்த்த பிறகு பார்த்தால் அவர் எங்கே விளையாடுகிறார் என்று பிடிபடும்.

ஜெர்மன் மலிவு விலை நாவல்களிலிருந்து வந்த 'கொமிஸார் எக்ஸ்' தொடர் 1966 முதல் 71 வரை ஏழு படங்கள். டோனி கெண்டலும் ப்ராட் ஹாரிஸும் ஜோடி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே வேலை செய்வதுதான் தொடரின் உயிர். இதில் 1966இன் 'ட்ரை கெல்பெ காட்ஸென்' இலங்கையில் எடுத்தது. ருடால்ஃப் செஹெட்க்ரூபர் இயக்கம். அந்தக் காலத்து இலங்கையை வண்ணத்தில் பார்க்க விரும்பும் நம் வாசகர்களுக்குக் கதையைத் தாண்டியும் அதில் காண இருக்கிறது. கடைசிப் படம் பாகிஸ்தானில் எடுத்தது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம், பனிப்போரின் சாம்பல் நிறப் படங்கள். மார்ட்டின் ரிட்டின் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்', 1965. நாயகன் ரிச்சர்ட் பர்ட்டன். கறுப்பு வெள்ளையில் ஆஸ்வால்ட் மாரிஸ் ஒளிப்பதிவு. அதில் வரும் பெர்லின் சோதனைச் சாவடி டப்ளினின் ஸ்மித்ஃபீல்ட் சதுக்கத்தில் போட்ட செட் என்று தெரிந்து பார்த்தாலும் நம்ப முடியாது. க்ரைட்டீரியன் நிறுவனத்தின் பிரதி நன்றாக இருக்கிறது. அடுத்து 1967இல் வந்த சிட்னி லூமெட்டின் 'தி டெட்லி அஃபேர்'. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் இதில் ஃபிலிமைப் படம் எடுக்கும் முன்பே மெல்லிய வெளிச்சத்தில் ஒருமுறை காட்டி எடுத்தார். அப்படிச் செய்தால் நிழல்கள் கறுக்காமல் சாம்பலாகும், நிறங்கள் வெளுத்து அடங்கும். லண்டன் மழை நாளுக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் கிடையாது. இன்டிகேட்டர் நிறுவனத்தின் வெளியீட்டில் அது காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆனால் டிவியை 'விவிட்' முறையில் வைத்துப் பார்த்தால் யங் செய்த வேலை அத்தனையும் பாழ். 'சினிமா' முறைக்கு மாற்றுங்கள், அசைவை வழவழப்பாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

'ஓகே கானரி'யைக் கடைசிக்கு வையுங்கள். 1967இல் ஷான் கானரியின் தம்பி நீல் கானரியை நாயகனாக்கி, பாண்ட் படங்களிலிருந்தே பெர்னார்ட் லீ, லோயிஸ் மாக்ஸ்வெல், அடோல்ஃபோ செலி, டேனியெலா பியாங்கி என்று ஆட்களை அழைத்து வந்து ஆல்பெர்ட்டோ டி மார்ட்டினோ எடுத்தது. நாயகன் வசியம் தெரிந்த அறுவைசிகிச்சை மருத்துவர். என்னியோ மோரிக்கோனேவும் புரூனோ நிக்கோலாயும் சேர்ந்து போட்ட இசை முதல்தரம். எந்த முகம் எந்த பாண்ட் படத்திலிருந்து வந்தது என்று தெரியாமல் பார்த்தால் பாதி ருசி போய்விடும், அதனால் முதல் நான்கு பாண்ட் படங்களைப் பார்த்து முடித்துவிட்டு இதை எடுங்கள்.